ரெண்டு நாள், மூணு பேர், நாலு மணி டீ: ராமநாதபுரம் பக்கம் எங்கே உட்காரலாம்?

நொய்யல்கரை · ஞாயிறு காலை 10:05

வணக்கம். தை கடைசியில் ஒரு புதனும் வியாழனும் கையில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து காரில் கிளம்பி செவ்வாய் இரவே வந்து சேர்ந்துவிடுவோம். நான், அம்மா (71 வயது, இடது முழங்கால் மக்கர்), லண்டனில் வேலை பார்க்கும் மகள். மனைவிக்குப் பள்ளியில் செய்முறைத் தேர்வு, வர முடியாது. அந்தக் கோபம் தனிக் கதை.

ராமேஸ்வரம் மூன்று முறை வந்திருக்கிறோம். மூன்று முறையும் ஒரே மாதிரிதான். விடிகாலையில் இறங்கு, தீர்த்தமாடு, சாமி கும்பிடு, தனுஷ்கோடிக்கு ஓடு, படம் எடு, வண்டியில் ஏறு. போன முறை தனுஷ்கோடியில் நாங்கள் இருந்தது பதினெட்டு நிமிடம். அம்மா வண்டியை விட்டே இறங்கவில்லை. இந்த முறை அப்படி வேண்டாம்.

மகளுக்கு இன்னொரு ஆசை. அங்கே தோழிகளோடு போய் ‘ஆஃப்டர்நூன் டீ’ சாப்பிடுவாளாம். மூன்றடுக்குத் தட்டு, கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். பாட்டியையும் அப்படி ஒரு இடத்தில் உட்கார வைத்து டீ வாங்கித் தர வேண்டும் என்கிறாள். பாட்டி கேட்டது ஒன்றுதான்: “டீ குடிக்க எதுக்குடி முன்பதிவு?”

எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது எல்லாம் சொல்லுங்கள். ஆனால் முக்கியமான கேள்வி, நாலு மணிக்கு மூன்று பேர் அவசரமில்லாமல் உட்கார்ந்து டீ குடிக்க இடம் எது? இன்னொன்று, அம்மா வியாழக்கிழமை அசைவம் தொடமாட்டார். மீன் என்றால் புதன்தான்.


உச்சிப்புளி தென்னை · ஞாயிறு காலை 10:40

முதலில் தங்குகிற ஊர். ராமேஸ்வரத்தில் அறை போடாதீர்கள், ராமநாதபுரத்திலேயே போடுங்கள். கிழக்கே ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். தெற்கே கீழக்கரை 20 கூட வராது, திருப்புல்லாணி 10. வடக்கே தேவிபட்டினம் 15. நடுவில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கமும் போய்த் திரும்பலாம்.

தை அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரைப் பாருங்கள். அதோடு மோதினால் டீ அல்ல, நிற்கவே இடம் கிடைக்காது.


வழிப்போக்கன் · ஞாயிறு காலை 10:52

தண்ணியில்லாக் காட்டுக்கு டூரா? நல்லா இருக்கு.


அரண்மனை வாசல் · ஞாயிறு பகல் 12:15

வழிப்போக்கருக்கு: அது மாற்றலாகி வந்த அதிகாரிகள் புலம்பிய சொல். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தண்ணீருக்கு அலைந்ததும் உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டு வற்றல் குழம்பில் மிதக்கிற குண்டு மிளகாய் இந்த வறண்ட மண்ணில்தான் விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஊரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய் 2025இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. தண்ணியில்லாக் காட்டில் பறவைகள் என்ன செய்கின்றனவோ, நீங்களே வந்து கேளுங்கள்.

சரி, நொய்யல்கரை. மூன்று முறை வந்தும் ராமநாதபுரம் ஊருக்குள் காலே வைக்கவில்லை, சரிதானே? எல்லோரும் இந்த ஊரைப் புறவழிச்சாலையில் தாண்டிப் போகிறவர்கள்தான். புதன் காலை பத்து மணிவாக்கில் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த மன்னர் கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். அவர் 1710இல் காலமானார். உள்ளே இருக்கும் சுவரோவியங்கள் அவருக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வெள்ளைக் கட்டடம்தான். உள்ளே நுழைந்து கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம். பீரங்கி, குதிரை, ஈட்டி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இன்னொரு பக்கம் சேதுபதி முன்னால் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள். வளைவுகளில் ராமாயணமும் பாகவதமும். படத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் காலத்துத் தமிழில் குறிப்பும் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள், மகளுக்குப் பிடிக்கும். ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். மாடிப்படி அம்மாவுக்கு ஆகாது, கீழேயே ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கிறது.

என் வகுப்புப் பிள்ளைகளை வருடா வருடம் கூட்டிப் போவேன். எல்லோரும் பீரங்கியைத்தான் பார்ப்பார்கள். ஒரு பெண் மட்டும் ஒருமுறை, “சார், இந்த ராஜா எல்லாப் படத்திலும் பக்கவாட்டிலேயே பார்க்கிறாரே, கழுத்து வலிக்காதா?” என்று கேட்டாள். அண்ணாந்து பார்த்து எனக்குத்தான் வலித்தது.


பாம்பன் காற்று · ஞாயிறு பிற்பகல் 2:30

உச்சிப்புளி அண்ணே சொன்னதை நான் ஏற்கமாட்டேன். ஒரு ராத்திரியாவது தீவுக்குள் தங்கணும். விடிகாலை அஞ்சு மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அது முடிந்து மூன்றாம் பிரகாரத்தில் கூட்டம் வருவதற்குள் ஒரு நடை. 1,212 தூண். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை புள்ளியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் தூணா தெரியும்? தலைதான் தெரியும்.


உச்சிப்புளி தென்னை · ஞாயிறு பிற்பகல் 2:41

தம்பி, முழங்கால் வலிக்கிற அம்மாவை அஞ்சு மணிக்கு எழுப்பி பிரகாரம் முழுக்க நடக்க விடச் சொல்கிறாயா?


பாம்பன் காற்று · ஞாயிறு பிற்பகல் 2:44

முழுக்க நடக்கச் சொல்லவில்லை அண்ணே. ஒரு மூலை வரை போனால் போதும். 22 தீர்த்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். தரை முழுக்க ஈரம், வழுக்கினால் முழங்கால் அல்ல, இடுப்பு போய்விடும். அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்தால் கணக்கு முடிந்தது.


கீழக்கரை லாத்தா · ஞாயிறு மாலை 5:20

மாலை அசர் தொழுகைக்குப் பிறகுதான் ஃபோனை எடுக்க நேரம் கிடைத்தது. நாலு மணி டீ என்று தலைப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா?

எங்கள் ஊரில் அசர் தொழுகை முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு தேயிலை கொதிக்கும். வெறும் டீயை நீட்டினால் வந்தவர்களை அவமதித்த மாதிரி. கூட ஏதாவது பணியம், அதாவது பலகாரம் இருக்கணும். நானாகத்தம், கலகலா, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு துண்டு தொதல். லண்டன் மகளுக்குச் சொல்லுங்கள், மூன்றடுக்குத் தட்டு எங்களிடம் இல்லை. சஹன் என்கிற ஒரே பெரிய தட்டுதான், எல்லோரும் அதைச் சுற்றி.

தொதலைப் பற்றிக் கொஞ்சம். கீழக்கரைக்கு வந்துவிட்டு அதை வாங்காமல் போனவர்கள் கிடையாது. தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி, நெய், முந்திரி. பெயர் சொல்ல அரை நிமிடம், கிண்ட அரை நாள். பெரிய சட்டியில் அடுப்பைத் தணித்து வைத்துக்கொண்டு கை ஓயாமல் துழாவணும். முதலில் பாயசம் மாதிரி இருக்கும், அப்புறம் களி, அப்புறம் கையே நகராது. தேங்காய் எண்ணெய் கக்கி, சட்டியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுழல ஆரம்பிக்கும்போது இறக்கணும். அதற்கு முன்னால் இறக்கினால் இரண்டு நாளில் பூசணம். கிண்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஃபோன் எடுத்தீர்கள் என்றால் அடிபிடித்துவிடும். என் மாமியார் அந்த நேரத்தில் எங்களை வாயே திறக்க விடமாட்டார்.

இது கொழும்பிலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று பெரியவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வட்டலப்பமும் அப்படித்தான். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம். ஆவியில் வேகும். முட்டை இருப்பதால் அம்மாவுக்கு வியாழன் ஆகாது. அதனால் புதன்கிழமையே கீழக்கரைக்கு வந்துவிடுங்கள். தனிமடலில் எழுதுங்கள், வழி சொல்கிறேன். கடையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டாம், வீடு இருக்கிறது.

அதற்கு முன்னால் சீதக்காதி அடங்கியிருக்கும் ஜும்மா பள்ளியைப் பாருங்கள். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அவர்தான். கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அதே கைகள் செதுக்கியதுதான். உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியுமாக இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.


அரண்மனை வாசல் · ஞாயிறு மாலை 6:02

கிழவன் சேதுபதியும் சீதக்காதியும் நெருங்கிய நண்பர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் வீடு, மாலையில் இன்னொருவர் ஊர். நல்ல வரிசைதான்.


தேம்ஸ் தமிழன் · ஞாயிறு இரவு 9:30

லண்டனில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன் என்கிற உரிமையில் ஒரு வார்த்தை. அந்த ‘ஆஃப்டர்நூன் டீ’யே பசியில் பிறந்ததுதான். 1840 வாக்கில் பெட்ஃபர்டு சீமாட்டி ஒருவருக்கு மதியச் சாப்பாட்டுக்கும் இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்கும் நடுவில் வயிறு கிள்ளியது. ஒரு குவளை டீயும் ரொட்டியும் அறைக்கு வரவழைத்தார். அப்புறம் தோழிகளைக் கூப்பிட்டார். மீதி உங்கள் மகளின் வங்கிக் கணக்குக்குத் தெரியும். ஸ்கோனில் முதலில் ஜாமா, கிரீமா என்று டெவன்காரர்களும் கார்ன்வால்காரர்களும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். நம் ஊர் ஹோட்டல்களில் ‘ஹை டீ’ என்று போர்டு வைக்கிறார்களே, அது உண்மையில் தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட சாயங்காலச் சாப்பாடு. பெயரில் ‘ஹை’ இருந்ததால் உசத்தி என்று நினைத்துவிட்டார்கள்.

லாத்தா, தொதலைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் பிஸ்கட் வாங்கித் தின்றேன். பாவம் உங்களைச் சேரும்.


பாம்பன் காற்று · திங்கள் காலை 6:50

மீன் விஷயம். இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். மற்ற நாளில் நாட்டுப்படகு. அதனால் புதன் காலை கரையில் கிடைப்பது நாட்டுப்படகு மீன். அளவு கம்மி, ருசி அதிகம். விளைமீன், பாறை, கணவாய், நண்டு எது வந்திருக்கிறதோ அது. ‘மெனுவில் என்ன இருக்கு’ என்று கேட்காதீர்கள், ‘காலையில் என்ன வந்தது’ என்று கேளுங்கள். ராமநாதபுரத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற மெஸ் எதுவானாலும் இதைக் கேட்டாலே மரியாதை கூடும். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி எல்லாம் சைவம்தான், அங்கே போய் மீனைத் தேடி அலையாதீர்கள்.

டீ எங்கே என்றால், பாம்பனில் பாலத்துக்குக் கீழே, வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கிற கரையில். மேலே சாலைப் பாலத்தில் காரை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கிற கும்பலில் சேராதீர்கள். கீழே வந்தால் ரயில் பாலம் கண்ணுக்கு நேரே. பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. நடுவில் இரண்டு கை தூக்குகிற மாதிரி பிரியும், ஆட்கள் நின்று நெம்பிச் சுற்றித்தான் திறப்பார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. புதுசு 2025 ஏப்ரலில் வந்தது, நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். தாத்தா பழைய பாலத்தைத்தான் ‘பாலம்’ என்பார். மற்ற இரண்டும் அவருக்கு ‘ரோடு’, ‘மெஷின்’.

எங்கள் ஊர் டீ மாஸ்டர் டீ ஆற்றுவதைக் கவனியுங்கள். வேறு ஊர்க்காரர் மாதிரி கையை மேலே தூக்கி ஆற்ற முடியாது, காற்று டீயைத் தூக்கிப் பக்கத்தில் நிற்பவர் சட்டையில் அடித்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, டம்ளரை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, ஒரு சாண் உயரத்தில் ஆற்றுவார். அதனால் நுரை கம்மி, சூடு அதிகம்.


வழிப்போக்கன் · திங்கள் காலை 8:10

பெண்கடல், ஆண்கடல் என்று சொல்வார்களே, வடக்கே அமைதி, தெற்கே அலை. அதைப் பார்க்கலாமே.


பாம்பன் காற்று · திங்கள் காலை 8:25

அது கைடுகள் சொல்கிற பாதிக் கதை. தை மாதம் வாடைக்காற்று. வடக்கிலிருந்து அடிக்கும். அந்த நேரத்தில் பெண்கடல்தான் துள்ளும், ஆண்கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆனியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வந்தால் தலைகீழ். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கோபம்.


கூடலூர் மலை · திங்கள் பகல் 1:40

நான் இந்தப் பக்கத்துக்காரன் இல்லை. ஆனால் டீ, ராமநாதபுரம் என்று இரண்டையும் ஒரே தலைப்பில் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாம்பன் போகிற வழியில் மண்டபம் முகாம் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்த ‘முகாம்’ எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைக் கப்பல் ஏற்றுவதற்கு முன் தடுத்து வைத்த இடம். சில நாள் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, அப்புறம்தான் தனுஷ்கோடிக்கு அனுப்பி தலைமன்னார் கப்பலில் ஏற்றுவார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசு. என் பாட்டியின் அம்மா அந்த வழியாகத்தான் போனார். ‘முகாம்’ என்று பாட்டி சொன்னதில்லை. ‘கேம்பு’ என்பார். சொல்லும்போது வலது தோளைத் தடவிக்கொள்வார், ஊசி அவருக்குப் போட்ட மாதிரி.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. போன துறைமுகம் திரும்பி வரும்போது இல்லை. எங்கள் குடும்பம் ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியது. அங்கிருந்து மண்டபம், அங்கிருந்து நீலகிரி, அங்கேயும் தேயிலைதான். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள்.

நீங்கள் பாம்பன் கரையில் குடிக்கப்போகிற டீத்தூள் எந்த மலையில் விளைந்ததோ தெரியாது. மண்டபம் தாண்டும்போது ஒரு நிமிடம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். வேறு ஒன்றும் இல்லை.


தேம்ஸ் தமிழன் · திங்கள் பகல் 2:05

நான் எழுதிய சீமாட்டி கதையை அழித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.


கூடலூர் மலை · திங்கள் பகல் 2:20

எதற்கு? அவர் குடிக்காவிட்டால் எங்கள் பாட்டன் எதற்கு மலை ஏறியிருக்கப் போகிறார். இருக்கட்டும்.


உச்சிப்புளி தென்னை · திங்கள் மாலை 6:30

மண்டபத்தில் பிறந்து வளர்ந்த என் மச்சானுக்கே இது முழுதாகத் தெரியாது. அனுப்பி வைத்தேன்.

நொய்யல்கரை, வியாழன் டீக்கு என் ஓட்டு அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல், மணல், அலை சின்னது. பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். கூடவே சாலையோரத்தில் அவித்த பனங்கிழங்கு கட்டுக் கட்டாக விற்பார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது. மேல் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் நரம்பை உருவிப் போட்டுவிட்டுத் தின்னணும். லண்டன் பொண்ணு அந்த நரம்போடு கடித்தால் சிரிக்காதீர்கள்.

தனுஷ்கோடியைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். கோதண்டராமர் கோயில் போகிற வழியில் தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஏதாவது நின்றால் பிளாஸ்டிக் என்று நினைக்காதீர்கள், பூநாரை. முக்கியம்: தார் ரோட்டை விட்டு மணலில் காரை இறக்காதீர்கள். இறக்காதீர்கள்.


நொய்யல்கரை · செவ்வாய் காலை 9:00

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். கூடலூர் அண்ணன் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். லாத்தா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.


(பத்து நாள் கழித்து)

நொய்யல்கரை · வெள்ளி இரவு 8:45

போய் வந்தாயிற்று. கணக்கு ஒப்படைக்கிறேன்.

முதலில் வாக்குமூலம்: காரை மணலில் இறக்கினேன். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு எதிரே, வண்டியைத் திருப்பலாம் என்று இரண்டே இரண்டு அடி. பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. சங்கு விற்கிற கடைக்காரர்கள் நாலு பேர் ஒன்றும் சொல்லாமல் வந்து, சாக்கை அடியில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. சங்கு வாங்கினோம். இரண்டு முறை ‘இறக்காதீர்கள்’ என்று எழுதியிருந்த உச்சிப்புளி அண்ணனுக்கு என் வணக்கம்.

அந்த அரை மணி நேரத்தில் அம்மா பவளக்கல் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். போன முறையின் பதினெட்டு நிமிடத்தைவிட இது மேல். வாடை நன்றாகவே அடித்தது. பாம்பன் தம்பி சொன்னது சரி, பெண்கடல்தான் எகிறியது.

ராமநாதபுரத்தில் நாங்கள் பிடித்த விடுதி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழாயில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவில்லை. கேட்டதற்கு, “கடல் பக்கம் வந்துட்டு உப்புன்னா எப்படி சார்?” என்றார்கள். பதில் தெரியவில்லை.

ராமலிங்க விலாசத்தில் ஒரு மணி நேரம் என்று போய் இரண்டரை மணி நேரம் இருந்தோம். மகள் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள், அம்மா திருத்தினார். வாத்தியார் ஐயா, ராஜாவுக்குக் கழுத்து வலிக்காதா என்பதையும் அம்மாவே கேட்டார். நான் உங்கள் கதையைச் சொல்லியிருக்கவில்லை. படித்துக் காட்டியபோது தூங்கிவிட்டாரோ என்று நினைத்திருந்தேன்.

புதன் மதியம் ‘காலையில் என்ன வந்தது’ என்று கேட்டோம். பரிமாறியவர் ஒரு நிமிடம் எங்களை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய், விளைமீன் குழம்பும் கணவாய் வறுவலும் கொண்டுவந்தார். குண்டு மிளகாயின் வேலை சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் கீழக்கரை. லாத்தா வீட்டு முற்றத்தில் அசர் பாங்கு முடிந்து அடங்கியதும் சஹன் வந்தது. நடுவில் வட்டலப்பம், சுற்றி நானாகத்தம், ஓரத்தில் தொதல். மகள் ஃபோனை எடுத்தாள், படம் எடுக்கப் போகிறாள் என்று பார்த்தால், கைப்பையில் போட்டு மூடினாள். தொதலைப் பிய்க்கும்போது நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கீழே விரித்திருந்த செய்தித்தாள் எண்ணெய் பட்டுக் கண்ணாடி ஆகி, மறுபக்கத்து எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. லாத்தாவின் மாமியாரும் அம்மாவும் முழங்கால் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எந்த எண்ணெய், எந்த டாக்டர், எந்தப் படி ஏற முடியவில்லை. ஆறரை மணிக்குத்தான் கிளம்பினோம். திருப்புல்லாணி போகவேண்டும் என்று போட்டிருந்த திட்டம் அந்த முழங்கால்களில் போயிற்று. பாயசப் பிரசாதம் அடுத்த முறை.

வியாழன், ராமேஸ்வரத்தில் பிரகாரத்தின் ஒரு மூலை வரை நடந்தோம். காலை ஏழுக்குள்ளேயே கூட்டம் வந்துவிட்டது. பாம்பன் தம்பி, ஐந்து மணிக்கே வந்திருக்க வேண்டும் என்று நீ சொல்லப்போவது தெரியும்.

திரும்பும்போது அரியமான் போகத்தான் கிளம்பினோம். மண்டபம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார். ரோட்டோரக் கடை, கடல்கூடத் தெரியாது. மூன்று பெஞ்சு, பாய்லர், ஒரு தட்டில் ஆறிப்போன பருப்பு வடை. அம்மா இறங்கிப் போய் அவரே நாலு டீ சொன்னார். நாங்கள் மூன்று பேர்தானே என்றேன். நாலாவதை எதிரே வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குடித்தார். ஆடை கட்டும்வரை அது அப்படியே இருந்தது. அப்புறம், “வீணாக்காதே” என்று என்னிடம் நீட்டினார். குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.


கூடலூர் மலை · வெள்ளி இரவு 9:10

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


பாம்பன் காற்று · வெள்ளி இரவு 9:14

ஐந்து மணிக்கே வந்திருக்க வேண்டும்.


தேம்ஸ் தமிழன் · வெள்ளி இரவு 9:40

மகள் இங்கே திரும்பி வரும்போது தொதல் ஏதாவது மிச்சம் இருக்குமா? தேம்ஸ் கரையில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.


கீழக்கரை லாத்தா · வெள்ளி இரவு 10:05

இரண்டு கிலோ கொடுத்து அனுப்பியிருக்கிறேன், எல்லோருக்கும் போதும். ஓலைக் கொட்டானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பூண்டு போட்டு வைக்கலாம். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், தொதலை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், கல்லாகிவிடும்.


நொய்யல்கரை · வெள்ளி இரவு 10:07

லாத்தா, இதைப் புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். மனைவி இப்போது சுத்தியல் தேடிக்கொண்டிருக்கிறாள்.